இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு முறை தங்கியவர்

போன வருடச் சித்ரா பௌர்ணமி அன்று பலராமன் செண்பகா லாட்ஜில் ஒரே சமயத்தில் பதினோரு அறைகளில் தங்கியிருந்தார். ரிஜிஸ்டர் அப்படித்தான் சொல்கிறது. நான்காம் எண் அறையில் அவர் நெல்லூரிலிருந்து வந்த சாமியார். ஏழில் விழுப்புரத்து ஆசிரியை. பத்தொன்பதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பது பேர், அதில் இரண்டு கைக்குழந்தைகள். பெயர் வேறு, ஊர் வேறு, வந்த காரணம் வேறு. கைப்பேசி எண் மட்டும் ஒன்றுதான்.

உண்மையில் அன்று அவர் இருந்த இடம் ரிசப்ஷன் நாற்காலி. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டினால் வருகிற முப்பத்திரண்டு அறை லாட்ஜில், வாசலைப் பார்த்தபடி போட்ட நாற்காலி. அதன் பிரம்பு அறுந்து நாலு வருடம் ஆகிறது. பலராமன் வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்து போட்டுக்கொண்டார். முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் தலையணைக்குப் பதில் உபதேசம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வயது ஐம்பத்தொன்று. கீழ்பென்னாத்தூருக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஊர். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் சேர்த்து இருந்த நிலத்தில் மல்லாட்டை போட்டால், அறுவடைக்கு முன்னாலேயே மூன்று பேருக்கும் சண்டை முளைக்கும். அதனால் நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ரைஸ் மில்லில் சீட்டு எழுதப் போனார். அங்கே அவருடைய கையெழுத்தைப் பார்த்துத்தான் அப்பாதுரை 2012இல் லாட்ஜுக்கு அழைத்துக்கொண்டார். முத்து முத்தான எழுத்து. ரிஜிஸ்டரைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். ஆதார் நகலெல்லாம் ஒழுங்காகக் குத்தி, வரிசையாக இருக்கும். சோதனைக்கு வருகிற போலீஸ்காரர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். போன் நம்பர் கட்டத்தை யாரும் கூர்ந்து பார்த்ததில்லை. எழுத்து அழகாக இருந்தால் விஷயத்தை யாரும் படிப்பதில்லை.

வம்பு பெங்களூரில் ஆரம்பித்தது. அப்பாதுரை ஒரு கல்யாணத்துக்கு அங்கே போய் ஓட்டலில் தங்கினார். ரிசப்ஷனில் ஆளே இல்லை. கம்பியில் தொடுதிரை டேப் ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். அதில் பேரைத் தட்டினால் அறை எண் வந்தது. ஊர் திரும்பியவர் நேராகப் பலராமனிடம் வந்து நின்றார்.

“பலராமா, அங்க நாற்காலியே இல்லடா.”

“அப்போ எங்க மொதலாளி உக்காந்தாங்க?”

“உக்கார ஆளே இல்லைங்கறேன். டேப்பு. டீ கேக்காது, லீவு கேக்காது, தூங்காது.”

“சாவி தொலைஞ்சா தேடுமா?”

அப்பாதுரை கெட்டவர் அல்ல. புதிதாக எதையாவது பார்த்துவிட்டால் ஒரு மாதம் அதையே பேசுவார், அவ்வளவுதான். முன்பு இப்படித்தான் பைபாஸில் கலர் விளக்குப் போட்ட போர்டு வைத்தார். அதற்கு முன்பு மொட்டை மாடியில் தியானக் கூடம் கட்டினார். இப்போது அங்கே துணி காயப்போடுகிறார்கள்.

ஆனால் இந்த முறை அவர் ஒரு கெடுவும் வைத்தார்.

“பௌர்ணமிக்கு லாட்ஜு தானா ரொம்புது. கார்த்திகை தீபத்துக்குப் படிக்கட்டுல கூட எடம் கேக்கறாங்க. மத்த நாளு? ஈ ஓட்டறோம். பன்னெண்டு வருசமா நீ பதினோரு நோட்டு எழுதி வச்சிருக்க. வந்தவன் நம்பர் எல்லாம் அதுல இருக்குது. அந்த ஆளுங்களுக்கு மட்டும் போன்ல விளம்பரம் காட்டலாமாம். ஐப்பசி முடியறதுக்குள்ள நோட்டுல இருக்கறவன் திரும்பி வந்தா, நாற்காலி உனக்கு. வரலைன்னா டேப்பு.”

பலராமன் தலையை ஆட்டினார். அன்று மதியம் பதினோரு ரிஜிஸ்டர்களும் ஆட்டோவில் ஏறி வேங்கிக்கால் பக்கம் போனபோது வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள், பிரிவு வருத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால், புதுக் குடியிருப்பில் ஒரு மாடி அறையை அலுவலகமாக வைத்திருந்தாள் கவிநிலா. இருபத்தேழு வயது. பல் மருத்துவர், போலீஸ் தேர்வுப் பயிற்சி மையம், பிரியாணிக் கடை என்று ஊரில் பாதிப் பேருக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுப்பவள். அப்பாதுரை எதிரில் உட்கார்ந்ததும் அவள் முதலில், நோட்டு இல்லாமல் பொதுவாக எத்தனை பேருக்கு விளம்பரம் காட்டலாம் என்ற கணக்கைத் திறந்து காட்டினாள். சென்னை, பெங்களூர், வேலூர், ஆன்மிகத்தில் ஆர்வம், வயது இருபத்தைந்துக்கு மேல் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரையின் ஓரத்தில் ஓர் எண் வந்தது. பதினொரு லட்சம் முதல் பதின்மூன்று லட்சம் வரை.

அப்பாதுரை எழுந்து நின்றுவிட்டார். “இத்தினி பேரு வருவாங்களா?”

“வர்றவங்க இல்ல சார். நாம காசு போட்டா காட்ட முடிஞ்சவங்க.”

“பாத்தா வர மாட்டாங்களா?”

கவிநிலா கொஞ்சம் யோசித்தாள். “பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்க எல்லாரும் உங்க லாட்ஜு வாசல் வழியாத்தானே சார் போறாங்க?”

“ஆமா. அத்தனை பேரும்.”

“அதுல எத்தனை பேர் உள்ள வர்றாங்க?”

“எல்லாரும்தான் வர்றாங்க” என்றார் அப்பாதுரை கசப்பாக. “பாத்ரூமுக்கு.”

அதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெரிய எண் தெருவில் போகிற கூட்டம். தெருவில் போகிற கூட்டத்தை வைத்து லாட்ஜ் நடத்த முடியாது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? “அப்போ நம்ம நோட்டு ஆளுங்களையே பிடி. அவங்க பாத்ரூமுக்கு வந்தவங்க இல்ல” என்றார். பணத்தை மட்டும் அந்தப் பெரிய கூட்டத்துக்கு ஆகிற அளவிலேயே செலவழிக்கச் சொன்னார். ஆள் குறைவு, இவ்வளவு வேண்டாம் என்று கவிநிலா சொல்லிப் பார்த்தாள். “கம்மியா போட்டா கம்மியா வருவான்” என்றார் அவர்.

பதினோரு நோட்டையும் டைப் அடித்து முடித்தபோது மொத்தம் 9,412 வரிகள். கவிநிலா அதை அப்படியே ஏற்றிவிட்டாள். பல் மருத்துவர் பட்டியல் அன்று மாலைக்குள் வேண்டும் என்று அவசரம். சரிபார்க்காமல் ஏற்றியது தன் தப்பு என்று பிறகு அவளே சொன்னாள். விளம்பரத்தில் நீலப் போர்வை விரித்த கட்டில், இரண்டு தலையணை, ஜன்னலுக்கு வெளியே மலை. கீழே அவளே எழுதிய வாசகம்: “வந்துட்டுப் போனீங்களே, மறுபடி எப்போ?”

அந்த வாசகத்தை முதலில் படித்தது பலராமனின் மனைவி கஸ்தூரி.

அவர் குளிக்கப் போயிருந்தார். மகனிடம் பேச என்று கஸ்தூரி போனை எடுத்தாள். திரையில் கட்டில் இருந்தது. கட்டிலுக்குக் கீழே கேள்வி இருந்தது. பலராமன் ஈரத் துண்டோடு வந்தபோது அவள் போனை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“யாருங்க இவ?”

“எவ?”

“மறுபடி எப்போன்னு கேக்கறாளே, இவ.”

“அடியே, அது நம்ம லாட்ஜு விளம்பரம்.”

“லாட்ஜுலயே வேலை செய்யற ஆளுக்கு லாட்ஜுக்கு வான்னு விளம்பரமா? யாரு காதுல பூ சுத்தற?”

நியாயமான கேள்வி. பலராமனிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்கிற மாதிரி இல்லை. அன்று பேருந்தில் வரும்போது அதே விளம்பரம் மூன்று முறை வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது இரண்டு முறை. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் அங்கேயும் கட்டில். நான்காம் நாள் கஸ்தூரி சாப்பாட்டை வைத்துவிட்டு, “மறுபடி எப்போ?” என்று கேட்டாள். குழம்பைப் பற்றித்தான் கேட்டாள் என்று அவர் நம்ப விரும்பினார்.

அதே வாரம், விளம்பரம் காட்டுகிற இணையக் கம்பெனியிலிருந்து கவிநிலாவின் திரைக்குக் கணக்கு வந்தது. கொடுத்தது 9,412. ஆள் கிடைத்தது ஏறக்குறைய 1,900. நூற்றுக்கு இருபது. இதற்குத்தான் மேட்ச் ரேட் என்று பெயர். அப்பாதுரைக்கு அதைப் போனில் சொன்னாள்.

“நாம நம்பர் குடுத்தோம் சார். அந்த நம்பர்ல அவங்ககிட்ட கணக்கு வச்சிருக்கற ஆளு எத்தனைன்னு தேடினாங்க. பத்துக்கு ரெண்டு பேருதான் சிக்கினாங்க.”

“மீதி எட்டு பேரு?”

“பத்திரிகை வச்சோம், வீடு பூட்டியிருக்குது. அந்த மாதிரி.”

“பத்து வீட்டுல எட்டு வீடா பூட்டியிருக்கும்? நீ சரியா ஏத்தல, இல்ல அவன் சரியா எழுதல. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

கவிநிலா பட்டியலைத் திறந்து உட்கார்ந்தாள். ஒன்பது இலக்க எண்கள் வந்தன, பதினோரு இலக்கம் வந்தது, வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டுக் குறியீடு இல்லாமல் எழுதியவை வந்தன. இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் இருப்பதுதான். பிறகு, ஒரே எண் எத்தனை முறை வருகிறது என்று வரிசைப்படுத்தினாள். முதல் இடத்தில் ஓர் எண் 2,316 முறை வந்திருந்தது. இரண்டாம் இடத்தில் இருந்த எண் நாற்பது முறை.

யாரோ பக்தர் என்று நினைத்தாள். சில பேர் மாதம் தவறாமல் வருவார்கள். ஆனால் எவ்வளவு பக்தி இருந்தாலும் ஒருவர் ஒரே நாளில் பதினோரு அறையில் படுக்க முடியாது. போன் போட்டாள்.

“வணக்கம் சார். செண்பகா லாட்ஜுக்கு நீங்க அடிக்கடி வருவீங்களா?”

“தினமும் வருவேம்மா” என்றது எதிர்க்குரல்.

“தினமும்னா?”

“தீபாவளிக்குக் கூட வந்தேன்.”

“போன சித்ரா பௌர்ணமிக்குப் பதினோரு ரூம் எடுத்திருக்கீங்க. நாலாவது ரூம்ல சாமியார்னு போட்டிருக்குது, ஏழாவது ரூம்ல டீச்சர்னு...”

எதிர்முனையில் யாரோ சாவி கேட்பதும், அந்தக் குரல் “ரெண்டு நிமிசம் இருங்க” என்பதும் கேட்டது.

“யாரும்மா பேசறது?”

“கவிநிலா. வேங்கிக்கால்லேருந்து. உங்க மொதலாளிக்கு விளம்பரம் போடறது நாங்கதான்.” இதற்குள் அவளுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. “நீங்க ரிசப்ஷன்ல இருக்கறவரா?”

“நேர்ல வாம்மா. போன்ல வேணாம்.”

அவள் ஸ்கூட்டியில் வந்தபோது அவர் டீ சொல்லி வைத்திருந்தார். இரண்டு டீ. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களுக்கு உபசாரம் தானாக வந்துவிடுகிறது.

“எதுக்கு சார் உங்க நம்பரை எழுதினீங்க?”

“மூணு வகை” என்றார் பலராமன். “ஒண்ணு சாமியாருங்க. நம்பர் என்னான்னு கேட்டா, அண்ணாமலையார்கிட்ட கேளும்பாங்க. அவரு நம்பர் எனக்குத் தெரியாது. கட்டத்தை வெறுமனே விட்டா மொதலாளி திட்டுவாரு. என் நம்பரைப் போட்டுடுவேன்.”

“ரெண்டாவது?”

அவர் மேசையில் இருந்த புது ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “இங்க நின்னு பாரும்மா. கையெழுத்துப் போட வர்றவன் எல்லாம் இந்தப் பக்கத்தைப் பாப்பான். தலைகீழாக் கூடப் படிப்பான். லாட்ஜுக்கு வந்த ரெண்டாவது வருசம், ஒம்பதாம் நம்பர் ரூம்காரன், பதினாலுல தனியா தங்கியிருந்த பொண்ணு நம்பரை இதுலேருந்து எடுத்து, அடுத்த நாள் பூரா போன் போட்டிருக்கான். ரூமைக் காலி பண்ணிட்டு வந்துச்சு. கத்தல. அழுவல. நோட்டை இப்படித் திருப்பி என் பக்கம் வச்சு, ‘இது ஏங்க இங்க தொறந்து கிடக்குது?’ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். என்னா பதில் சொல்றது? அன்னிலேருந்து பொம்பளைங்க தனியா வந்தா நானே என் நம்பரை எழுதிடுவேன்.”

கவிநிலா டீயைக் கீழே வைத்தாள். “மூணாவது?” என்றாள் பிறகு.

“மூணாவது சோம்பேறித்தனம்” என்றார் பலராமன். “பௌர்ணமிக் கூட்டத்துல அவன் நம்பரைத் தேடி, கண்ணாடியைத் தேடி... யாரும்மா காத்திருக்கறது? பேனா தானா என் நம்பரை எழுதிடும்.”

அவள் சிரித்துவிட்டாள். அதனால் தைரியம் வந்து அவர் கேட்டார்: “இப்ப அந்தக் கம்பெனிக்காரனுக்கு அத்தனை பேரு நம்பரும் போயிடுச்சா? நான் மறைக்காத பொம்பளைங்க நம்பரும்?”

“அப்படியே போகாது சார். நம்பரை மாவு மாதிரி அரைச்சுத்தான் அனுப்பும். அவங்களும் அவங்ககிட்ட இருக்கற நம்பரை அதே மாதிரி அரைச்சு வச்சிருப்பாங்க. மாவும் மாவும் ஒத்துப்போனா ஆளு ஒண்ணு. அதுவும் யாரு யாருன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க. எத்தனை பேருன்னு மட்டும்தான் காட்டும்.”

பலராமன் இதை ரொம்ப நேரம் மென்றார்.

“அப்போ அத்தினி பெரிய கம்பெனிக்காரனே நம்பரை மறைச்சுத்தான் வாங்கறான்.”

“ஆமா.”

“அதைத்தான் நானும் பண்ணேன். கொஞ்சம் ஜாஸ்தியா அரைச்சுட்டேன்.”

“நீங்க அரைச்சதுல எல்லாரும் ஒரே ஆளாயிட்டாங்க சார்” என்றாள் கவிநிலா. “அதான் வித்தியாசம். அதனாலதான் உங்களுக்கே அத்தனை வாட்டி காட்டுது. ஆளு கம்மி, காசு ஜாஸ்தி. சிக்கினவங்க தலையிலேயே திரும்பத் திரும்பக் கொட்டுது.”

“என் பொண்டாட்டிகிட்ட இதை ஒரு வாட்டி சொல்லேன்.”

“அதுக்கு முன்னாடி உங்க மொதலாளிகிட்ட சொல்லணும். இருபது எதனாலன்னு கேட்டிருக்காரு. நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்.” அவர் நாற்காலித் தலையணையைத் தட்டிச் சரிசெய்தார். “ரெண்டு நாள் டைம் குடு.”

அந்த இரண்டு நாளில் கவிநிலா பட்டியலைச் சுத்தம் செய்தாள். நாடு என்ற கட்டத்தைப் பார்த்து வெளிநாட்டு எண்களுக்குக் குறியீடு சேர்த்தாள். இரட்டிப்புகளை, அரைகுறைகளை, தரைவழி எண்களை எடுத்தாள். 4,880 மிஞ்சியது. மறுபடி ஏற்றினாள். 2,300 கிட்ட ஆள் கிடைத்தது, நூற்றுக்கு நாற்பத்தேழு. பட்டியல் பாதியாகக் குறைந்ததும் மேட்ச் ரேட் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கிடைத்த ஆட்கள் என்னவோ நானூறு பேர்தான் கூட. சதவீதத்தை மட்டும் காட்டி எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள், அவள் இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டாள்.

பிறகு, எடுத்துப் போட்ட அந்த 2,316 வரிகளை, சும்மா ஓர் ஆர்வத்தில், தேதிவாரியாகப் பார்த்தாள். பௌர்ணமி நாட்களில் இருந்தது குப்பை. சாமியார்களும் சோம்பேறித்தனமும். சாதாரண நாட்களில் இருந்தது வேறு. ஆராயி, விழுப்புரம், ஆசிரியை: முப்பத்தொரு முறை. ஓசூரிலிருந்து இரண்டு நர்ஸ்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவளுக்கு ஒன்று புரியவில்லை. நோட்டில் எண்ணே இல்லாத இவர்கள் எப்படி முன்பதிவு செய்தார்கள்? பலராமனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“எனக்குப் போன் போடுவாங்க. நோட்டுல என் நம்பரைத்தானே எழுதினேன், கண்ணு முன்னாடி. ‘அண்ணே, அந்த நம்பரை நாங்களும் வச்சுக்கறோம்’னு எழுதிக்கினு போனவங்க.”

இதைத்தான் கஸ்தூரி பல வருடமாகச் சந்தேகத்தோடு பார்த்து வந்தாள். அவருடைய போனில் ‘ரூம் 7 விழுப்புரம்’, ‘ஓசூர் நர்ஸ் பெருசு’, ‘ஓசூர் நர்ஸ் சின்னது’, ‘வெந்நீர் அக்கா’ என்று அறுநூற்றுச் சொச்சம் பெயர்கள் இருந்தன. “உனக்கு எத்தனை ரூமுய்யா?” என்று அவள் கேட்காத பொங்கல் இல்லை.

மூன்றாம் நாள் காலை அப்பாதுரை லாட்ஜுக்கு வந்தார். கவிநிலாவும் வந்தாள். பலராமன் எழுந்து நின்று, மூன்று வகையையும் வரிசையாகச் சொன்னார். சோம்பேறித்தனத்தையும் விடவில்லை.

அப்பாதுரை கேட்டுக்கொண்டே இருந்தார். “அப்போ பன்னெண்டு வருசமா என் லாட்ஜுல நீதான் தங்கியிருக்க.”

“அப்படித்தான் மொதலாளி. வீட்டுக்குப் போறதே கம்மி.”

“நக்கலா?”

“இல்ல மொதலாளி. உண்மை.”

கவிநிலா தாளை நீட்டினாள். விளம்பரத்தால் இதுவரை வந்த அறைகள் நான்கு. போன மாதம் பௌர்ணமி இல்லாத நாட்களில் வாடகைக்குப் போன அறைகள் அறுபத்தொன்று. அதில் பலராமன் தன் எண்ணை எழுதியவை இருபத்தாறு.

“அந்த இருபத்தாறும் அவருக்குப் போன் பண்ணி வந்தவங்க சார்.”

“பைபாஸ் போர்டைப் பாத்து வந்தவங்க இல்லையா?”

அந்தப் போர்டின் கலர் விளக்கில் பாதி எரிவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அப்பாதுரைக்கு மூளை வேகமாக ஓடும். முகம் தெளிந்துவிட்டது. கையை நீட்டினார். “போனைக் குடு.”

“எதுக்கு மொதலாளி?”

“நோட்டுல நம்பர் இல்ல. போன்ல இருக்குதில்ல? அறுநூறு. எல்லாம் உண்மையான ஆளு. ஏம்மா, அதை ஏத்தினா எத்தனை சிக்கும்?”

“முக்கால்வாசி சிக்கும்” என்றாள் கவிநிலா. பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னவள்தானே.

பலராமன் போனைச் சட்டைப் பையில் போட்டார். “அவங்க எனக்குக் குடுத்த நம்பர் அது. லாட்ஜுக்குக் குடுக்கல.”

“நீ யாரு? லாட்ஜுதானே?”

“பாத்ரூம்ல தண்ணி வரலைன்னு திட்டு வாங்கும்போது லாட்ஜு. இதுக்கு இல்ல.”

“அப்போ நாற்காலியும் இல்ல” என்றார் அப்பாதுரை.

பலராமன் பேனாவை எடுத்துப் பையில் செருகினார். பிறகு தலையணையை எடுத்து உதறினார். நாலு வருடத் தூசியில் பாதி கவிநிலாவின் மேல் விழுந்தது. “இது என்னுது” என்றார். நாற்காலி நடுவில் ஓட்டையோடு நின்றது.

கவிநிலா துப்பட்டாவைத் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “சார், இவர் போனா அந்த இருபத்தாறு ரூமும் இவர் பாக்கெட்டுலதான் போகும். எதிர் லாட்ஜுல ரிசப்ஷனுக்கு ஆள் தேவைன்னு எழுதிப் போட்டிருக்காங்க. வரும்போது பாத்தேன்.”

அப்பாதுரை வாசல்வரை போனார். சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. திரும்பி வந்து நாற்காலியின் ஓட்டையைப் பார்த்தார்.

“எப்பலேருந்து இது இப்படி இருக்குது?”

“நாலு வருசமா.”

“சொல்ல மாட்டியா?” என்றார். “தலகாணியைப் போடு. புதுப் பிரம்பு கட்டச் சொல்றேன்.” அதோடு விட்டால் முதலாளியாக இருக்க முடியாது. “ஆனா டேப்பு ஆர்டர் போட்டாச்சு. அதுவும் இருக்கும். விளம்பரத்துல உன் நம்பரைப் பெருசாப் போடறோம். அதையாவது மறைக்காம இரு.”

இப்போது விளம்பரத்தில் கட்டிலுக்குக் கீழே பலராமனின் எண் இருக்கிறது. தட்டினால் அழைப்புப் போகும். அவருடைய எண்ணும் பட்டியலில் ஒரு முறை இருப்பதால் அவருக்கும் அது காட்டப்படுகிறது. மூடுவதற்காகத் தட்டுவார், கை தவறி அழைப்புப் போகும், பிஸியாக இருக்கும். வாரக் கடைசியில் “வந்த அழைப்புகள்: 41” என்று கவிநிலா அனுப்பினால், அதில் ஒன்பது அவருடையவை என்று கீழே குறிப்பும் எழுதியிருப்பாள். அந்தக் குறிப்பை அப்பாதுரை படிப்பதில்லை. கவிநிலா கஸ்தூரியிடம் போனில் எல்லாவற்றையும் விளக்கினாள். கஸ்தூரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ எந்த ரூமும்மா?” என்றாள்.

டேப் கார்த்திகைக்கு முன்பே வந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பியில் நிற்கிறது. கட்டத்தை வெறுமனே விட்டால் அது ஒத்துக்கொள்ளாது. எண்ணைத் தட்டினால் அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பும், அதைத் தட்டினால்தான் சாவி. பொய் எண் எழுத வழியே இல்லை என்று விற்றவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் சினேகா என்ற பெண், கல்லூரி முடித்து ஒரு வருடம் இருக்கும், முதுகுப்பையோடு தனியாக வந்தாள். ஆதாரைக் கொடுத்தாள், பெயரைத் தட்டினாள். எண் கேட்ட இடத்தில் விரல் நின்றது. பின்னால் வரிசையில் நின்ற இரண்டு ஆண்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலராமன் தலையணையிலிருந்து அரையடி எழுந்து, கையை நீட்டி, பத்து இலக்கங்களைத் தட்டினார். சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்து, நாலு எண்களைத் தட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

திரை பச்சையாக மாறி ஒரு வாசகம் வந்தது. சினேகா அதைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அண்ணா, இது உங்களோட முப்பத்தெட்டாவது வருகைன்னு போட்டிருக்குது.”

“நல்ல லாட்ஜும்மா” என்றார் பலராமன். “காலைல ஆறுலேருந்து எட்டு வரைக்கும் வெந்நீர் வரும்.”